அதலைக்காயை மருந்தாக்க வேண்டாம்

ஐப்பசி மழை கரிசலில் இறங்கியதும், மண்ணுக்குள் உறங்கிய கிழங்கிலிருந்து அதலைக் கொடி தானாகத் தழைக்கிறது. விதைப்பாரும் உரமிடுவாரும் இல்லாத இந்தக் காட்டுக்காய் பாகற்காய்க்கு உறவு. விருதுநகர், சாத்தூர், சிவகாசிச் சந்தைகளில் அதைச் 'சர்க்கரைக்கு மருந்து' என்று சொல்லியே விற்கிறார்கள். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்லும்போது, அந்த நம்பிக்கை ஏன் பிறக்கிறது என்பது விளங்குகிறது. ஆனால் அதற்கான சான்று பெரும்பாலும் எலிகளிடம் செய்த சோதனைகளே. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. இந்தக் காயின் ஐயமில்லாத சிறப்பு அதன் நார்ச்சத்து.

100 கிராம் அதலைக்காயில் ஏறத்தாழ 6.4 கிராம் கச்சா நார் இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. பாகற்காயில் அது 2 கிராமுக்கும் குறைவு. காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டுத் தோலோடும் விதையோடும் முழுசாக வதக்குகிறோம் என்பதால் அந்த நார் வீணாவதில்லை. கரையும் நார் குடலில் கூழாகி, சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. கரையாத நார் மலத்துக்குப் பருமன் தந்து மலச்சிக்கலைத் தடுக்கிறது. பெருங்குடல் நுண்ணுயிர்கள் நாரின் ஒரு பகுதியைப் புளிக்கவைத்து, குடல் சுவருக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் நார் வேண்டும் என்கிறார்கள். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் 3 கிராம்கூட இல்லை. கம்பும் சோளமும் விளைந்த பூமியில் தட்டு முழுக்க வெள்ளைச் சோறாகிவிட்ட பிறகு, இந்தக் குறையைக் காய்தான் ஈடுகட்ட வேண்டும்.

கசக்கிறதே என்பார்கள். சின்ன வெங்காயத்தை அள்ளிப் போட்டு வதக்கினாலும் புளிக்குழம்பில் இட்டாலும் கசப்பு அடங்கும். மழைக்காலத்தோடு போய்விடுகிறதே என்பதும் உண்மை. பறித்த இரண்டொரு நாளில் வெடித்தும் விடும். வத்தலாகப் போட்டால் வைட்டமின் சி குறையும், நார் குறையாது. பட்டாசு ஆலைக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோகும் பெண்களுக்கு இந்த வத்தல் ஏற்றது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தண்ணீர் குடிக்காமல் நார் மட்டும் சேர்த்தால் மலச்சிக்கல் கூடும். வேலையிடத்தில் குடிநீரும் கழிப்பறையும் இல்லாதவரிடம் நாரைப் பற்றிப் பேசுவது நியாயமல்ல.

விலை அதிகம் என்ற குறைதான் எனக்குக் கனமாகப் படுகிறது. மருந்தென்ற பெயரே அந்த விலையை ஏற்றுகிறது. காட்டில் குனிந்து பறிக்கும் கூலிப் பெண்ணின் வீட்டுக்கே காய் மிஞ்சாமல் போகலாம். களைக்கொல்லி தெளிக்கும் நிலத்தில் கொடியும் தப்பாது. வரப்போரத்தையாவது தெளிக்காமல் விடச் சொல்லி வேளாண் துறை உழவர்களைக் கேட்க வேண்டும். பறிப்பவர்களே நேரடியாக விற்க உழவர் சந்தைகளில் இடம் தர வேண்டும், இந்த ஐப்பசியிலேயே.