முறையீடு பிச்சையல்ல, உரிமை!

சட்டம் டெல்லியில் பிறக்கிறது. அதன் சுமையோ ஜவ்வாது மலைக் குடிசையிலும் வந்து இறங்குகிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைத்தான் குறிப்பிடுகிறோம். முழுத் துப்பாக்கி வேண்டியதில்லை; அதன் உறுப்பொன்று உரிமமின்றி இருந்தாலும் குற்றம். தடை செய்யப்பட்ட ரகமென்றால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனை பொதுவாக 7 ஆண்டுக்குக் குறையாது; 14 ஆண்டு வரை நீளலாம்.

கள்ளத் துப்பாக்கி வியாபாரிக்காக நாம் பரிந்து பேசவில்லை. அவன் தண்டிக்கப்படட்டும். ஆனால் தண்டனைக்குப் பின்னும் நீதி கேட்கும் வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது?

நடிகர் சஞ்சய் தத் இதே சட்டத்தின்கீழ் 2007-இல் 6 ஆண்டு தண்டனை பெற்றார். உச்சநீதிமன்றம் வரை முறையிட்டார். 2013-இல் அது 5 ஆண்டாகக் குறைந்தது. முறையிட்டது அவர் உரிமை, குறை சொல்லமாட்டோம். திருவண்ணாமலைத் தேரடியில் மணி விற்பவருக்கும், பட்டறைத் தொழிலாளிக்கும், மலையில் சாமை விதைப்பவருக்கும் அந்த உரிமை கைக்கெட்டுகிறதா என்றுதான் கேட்கிறோம்.

அவர்கள் கேட்க வேண்டியவை சட்டத்திலேயே இருக்கின்றன. பொருள் தன்னிடம் இருப்பதை அறிந்து வைத்திருந்தாரா? அறியாமல் இருந்தது குற்றமாகாது. உரிமமில்லாத் துப்பாக்கி வழக்குக்கு மாவட்ட ஆட்சித் தலைவரின் முன் அனுமதி பெறப்பட்டதா? 39-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. சிக்கியது வெறும் சிறு உறுப்பா? மற்ற உறுப்புகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லையெனில் 45-ஆம் பிரிவு விலக்களிக்கிறது.

இவற்றை எடுத்துச் சொல்ல வக்கீல் வேண்டும். வக்கீலுக்குப் பணம்? அரசே தரவேண்டும்! இலவச வக்கீல் பெறும் உரிமையை ஏழைக்குச் சொல்லாமல் நடத்திய விசாரணை செல்லாதென்று, அருணாசலப் பிரதேசத்துச் சுக்தாஸ் வழக்கில் 1986-இலேயே உச்சநீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் சிறையில் இருப்போருக்கும் வருமானம் பாராமல் இவ்வுதவி உண்டு.

ஆனால் காலம் காத்திராது. மாஜிஸ்திரேட் தீர்ப்பென்றால் 30 நாளில் செஷன்ஸ் கோர்ட்டில் முறையிட வேண்டும். செஷன்ஸ் தீர்ப்பென்றால் 60 நாளில் உயர்நீதிமன்றத்தில். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். சிறையிலிருந்தே சிறை அதிகாரி மூலமும் முறையீடு அனுப்பலாம்.

தோழர்களே! மேடையில் நீதி பேசினால் போதாது. தண்டிக்கப்பட்ட ஏழையின் வீட்டுக்குச் செல்லுங்கள், நகலைக் கேட்டு வாங்குங்கள், நாளை எண்ணுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அந்தக் குடும்பத்தைக் கைப்பிடித்து அழைத்துப் போங்கள். குற்றவாளியைத் தப்பவிடுவதற்கல்ல, ஏழை என்பதற்காக ஒருவன் வாய் மூடிச் சிறை புகாமல் இருப்பதற்கு!