பல் காக்கும் பள்ளி

குழந்தை பல்வலியால் அழும்போது, “பால்பல்தானே, விழுந்து முளைத்துவிடும்” என்று தேற்றுவது பல இல்லங்களில் வழக்கம். அத்தேறுதலில் ஒரு பிழை உண்டு. ஆறு வயதையொட்டி, பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே நிலையான கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதனையும் பால்பல் என்றே கருதிப் பெற்றோர் கவனியாது விடுகின்றனர். வாழ்நாள் முழுவதும் பயன்பட வேண்டிய பல் தொடக்கப்பள்ளிப் பருவத்திலேயே சொத்தையாகிறது.

பற்சிதைவு ஒரே நாளில் நேர்வதன்று. பல்லில் படியும் நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் எனாமலில் உள்ள தாதுக்களைக் கரைக்கிறது. இழந்த தாதுக்களை உமிழ்நீர் மெல்ல மீட்டளிக்கிறது. ஃபுளூரைடு அதற்குத் துணைபுரிகிறது. ஆனால், அடிக்கடி இனிப்பு உண்டால் உமிழ்நீருக்கு அவகாசம் கிடைப்பதில்லை. எனவே, எவ்வளவு இனிப்பு என்பதைப் போலவே, எத்தனை முறை என்பதும் முதன்மையானது.

நகரத்தில் சொத்தையை அடைக்க மருத்துவர் அருகில் இருக்கிறார். மலைச்சிற்றூரில் வாழ்வோர் ஒருநாள் கூலியை இழந்து, பேருந்தேறி அவரை அடைவதற்குள் பல்லைப் பிடுங்குவதே வழியென்றாகிவிடுகிறது. அத்தகைய ஊரிலும் பள்ளி உண்டு. தடுக்கும் பணியை அங்கேதான் தொடங்க வேண்டும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் 2006ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு, ஆறு வயதுக் குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்குப் பற்சிதைவு இருப்பதைக் காட்டியது. அதன்பின் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் நாள்தோறும் ஒன்றாகக் கைகழுவி, ஃபுளூரைடு பற்பசையால் பல்துலக்கும் திட்டம் பரவியது. அதனை வழிநடத்துவோர் பல் மருத்துவர் அல்லர், ஆசிரியர்களே.

தமிழகப் பள்ளிகளில் 1982 முதல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் உள்ளன. உணவுக்குமுன் வரிசையில் நின்று கைகழுவும் குழந்தைகளுக்கு, உணவுக்குப்பின் பல்துலக்கும் பழக்கத்தையும் ஏற்படுத்துவது அரிதன்று. தூரிகையும், பட்டாணியளவு பற்பசையும், ஆசிரியரின் மேற்பார்வையும் போதும். கற்பிக்கும் நேரம் குறையும் எனச் சிலர் கூறலாம். இரவெல்லாம் பல்வலியால் உறங்காத குழந்தை, வகுப்பில் அமர்ந்திருந்தும் கற்பதில்லை என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

எனினும், இடமறிந்து செயற்படல் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பலவிடங்களில் ஃபுளூரைடு மிகுதி. அது பல்லையும் எலும்பையும் பாதிக்கிறது. அங்கு முதல் தேவை பாதுகாப்பான குடிநீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதன்பொருட்டே எழுந்தது. பற்பசையை விழுங்காமல் உமிழவும் குழந்தைகளுக்குப் பழக்க வேண்டும்.

ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல் அறுபது வயதிலும் சோறு மெல்ல உதவ வேண்டும். மருத்துவர் வரும்வரை அது காத்திராது. பள்ளி இன்றே தொடங்கலாம்.