ஒன்றிலிருந்து இரண்டு வரை

1918-ஆம் ஆண்டு பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் முன்வைத்த முதல் கோரிக்கைகளில் ஒன்று, சாப்பிடுவதற்கு இன்னும் பத்து நிமிடம் வேண்டும் என்பது. பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற அந்த இரண்டு ஆலைகளிலும் மதிய இடைவேளை அரை மணி நேரம்தான். தறியை விட்டு வெளியே வர வேண்டும், கை கழுவ வேண்டும், உட்கார இடம் பிடிக்க வேண்டும், கொண்டுவந்த சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு கதவு சாத்துவதற்குள் திரும்ப ஓட வேண்டும். அந்தப் பக்கம் துணிக்கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடம் தொழிலாளர்கள் இதையெல்லாம் சொல்லிப் புலம்புவது வழக்கம். அவரும் ராமானுஜலு நாயுடுவும் அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் இருந்த பி.பி. வாடியாவைத் தேடிப் போனார்கள். அந்த ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றில் இடம்பெற்றது அதுதான். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். அரை மணி நேரம் நாற்பது நிமிடம் ஆயிற்று.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கூலி போதவில்லை, மேலாளர்களின் வசவும் கெடுபிடியும் தாங்கவில்லை. கேட்பதற்கு அவர்களிடம் ஆயிரம் இருந்தன. அவற்றுக்கு நடுவில், நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தையும் உரிமையாகக் கேட்க அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. இன்று நம்மில் பலருக்கு அது தோன்றுவதே இல்லை.

என் அக்கா மகள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் இருக்கிறாள். மதியம் போன் செய்தால் பெரும்பாலும் ஒரே பதில்: “சித்தி, ஒரு மணிக்கு கால் போட்டிருக்காங்க. மியூட்ல வச்சிட்டு சாப்பிட்டுக்கிறேன். அப்புறமா பேசட்டுமா?” கேமராவை அணைத்துவிட்டு, கீ-போர்டுக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொள்வாள். யாராவது அவள் பெயரைச் சொன்னால் வாயில் இருப்பதை அவசரமாக விழுங்கிவிட்டுப் பேச வேண்டும். அன்று சாப்பிட்டது வெண்டைக்காய் பொரியலா, கத்தரிக்காய் வதக்கலா என்று சாயங்காலம் கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள். இருபத்தேழு வயதில் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போடுகிறாள்.

அவளுக்கு இடைவேளை கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. காகிதத்தில் ஒரு மணி நேரம் பத்திரமாக இருக்கிறது. ஐரோப்பாவில் இருப்பவருக்கு அந்த நேரம்தான் தோது, பெங்களூரில் இருப்பவருக்கு வேறு நேரம் ஒழியவில்லை என்று ஒவ்வொருவரும் அதில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பின்னி ஆலையில் யாரிடம் போய்க் கேட்பது என்றாவது தெரிந்திருந்தது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமாக 1947-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த சட்டம், நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு எல்லை போட்டது. ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய வேண்டுமானால் இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த தொழிற்சாலைகள் சட்டம் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு அரை மணி நேரம் என்றது. பெரம்பூரில் கேட்ட பத்து நிமிடம், முப்பது ஆண்டுகளுக்குள் அலுவலகக்காரர்களுக்கு ஒரு மணி நேரமாக வளர்ந்து கைக்கு வந்திருக்கிறது. அதைத்தான் நாம் ஒரு ‘மீட்டிங் இன்வைட்’டுக்கு ‘ஓகே’ கொடுத்து விட்டுவிடுகிறோம்.

வேலை நேரத்தை நீட்டினால் நாடு முன்னேறும் என்ற பேச்சு இப்போது பெரிய இடங்களிலிருந்தே வருகிறது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு எழுபது மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் தொண்ணூறு என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் கேட்டார். இருவரும் பெரிய நிறுவனங்களை நடத்திக் காட்டியவர்கள். அவர்கள் சொல்வதை ஒரு சிரிப்போடு தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உண்மையிலேயே நேரத்தைக் கூட்டினால் வேலை கூடுமா என்று பார்ப்பதுதான் அவர்களுக்குத் தரும் மரியாதை.

இதைப் பார்த்துவிட்டார்கள். அதுவும் ஒரு நாடு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில். முதல் உலகப் போரில் பிரிட்டனின் ஆயுதத் தொழிற்சாலைகளில் ஞாயிறும் விடுமுறை இல்லாமல் ஆட்கள் வேலை செய்தார்கள். குண்டு குறைந்தால் போர்முனையில் உயிர் போகும். ஆகவே யாரும் மறுபேச்சு பேசவில்லை. ஆனாலும் ஆட்கள் சோர்ந்து விழுவதைக் கண்டு, 1915-இல் அரசே ஒரு குழுவை அமைத்துக் கணக்கெடுத்தது. அதற்காக ஆராய்ந்த எச்.எம். வெர்னன், குண்டுகளுக்கான ஃபியூஸ் பாகங்களைக் கடைந்த பெண்களின் வேலையை வாரக்கணக்கில் எண்ணிப் பார்த்தார். வாரத்துக்குச் சுமார் 66 மணி நேரம் உழைத்துக்கொண்டிருந்தவர்களின் நேரம் படிப்படியாக 46 மணி நேரத்துக்குப் பக்கமாகக் குறைந்தது. மொத்த உற்பத்தி குறையவில்லை. முன்பு இருந்ததைவிடச் சற்றுக் கூடவே இருந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 2014-இல், ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் அந்தப் பழைய கணக்குகளை எடுத்து மறுபடி ஆராய்ந்தார். வாரம் ஐம்பது மணி நேரத்தைத் தாண்டும் இடத்தில் உழைப்பின் பலன் மளமளவென்று சரிகிறது என்றும், எழுபது மணி நேரம் வேலை செய்தவர்கள் முடித்தது ஐம்பத்தாறு மணி நேரக்காரர்கள் முடித்ததைவிட அதிகமில்லை என்றும் அவர் கண்டார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு இல்லாமல் போனதும் உற்பத்தியைக் குறைத்திருக்கிறது.

எழுபதுக்கும் ஐம்பத்தாறுக்கும் இடையே பதினான்கு மணி நேரம். ஒரு குழந்தையோடு விளையாடவும், அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போகவும், தூங்கவும் ஆகியிருக்க வேண்டிய நேரம். யாருக்கும் உபயோகம் இல்லாமல் பட்டறையில் போனது. எழுபது என்ற எண்ணைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்கள் ஞாபகம்தான் வருகிறது. உடலுக்கு ஆகும் சேதம் வேறு. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் வந்த பக்கவாதமும் இதய நோயும் 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 7,45,000 பேர் உயிரைக் கொண்டுபோனதாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து மதிப்பிட்டிருக்கின்றன.

கடைசல் பட்டறைக்கும் கணினி மேசைக்கும் ஒரே நியாயமா என்று கேட்கலாம். மூளை வேலையில் நிலைமை இன்னும் மோசம் என்றுதான் நினைக்கிறேன். கை சோர்ந்தால் கடைந்த பாகம் கோணலாகி அங்கேயே தெரிந்துவிடும். மனம் சோர்ந்தால் தெரியாது. மறுநாள் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும்போதுதான் தெரியும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட கட்டுரை எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. முடியாத வேலையை விட்டு அடுத்த வேலைக்குத் தாவும்போது நம் கவனம் முழுதாகக் கூட வருவதில்லை, ஒரு பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது என்று அவர் காட்டினார். சாப்பிட்டுக்கொண்டே கால் கேட்கிற என் அக்கா மகளுக்கு நடப்பது இதுதான். கேட்டதும் பாதி, சாப்பிட்டதும் பாதி. இரண்டரை மணிக்கு அவள் முன்னால் இருக்கும் கோடுக்கு அந்தப் பாதியும் மிச்சமிருக்காது.

2018-இல் அதே லெராய், தெரசா குளோம்புடன் சேர்ந்து இதற்கு ஒரு வழியும் சொன்னார். வேலையைப் பாதியில் விட வேண்டி வந்தால், எந்த இடத்தில் விட்டோம், திரும்ப வந்ததும் முதலில் என்ன செய்யப் போகிறோம் என்று சில வரிகள் எழுதிவிட்டு எழுந்தால் போதும். மனம் அந்த வேலையைக் கீழே வைக்கிறது. நான் இதைக் கடைப்பிடிக்கிறேன். சாப்பிடப் போகுமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசைமேல் வைத்துவிடுவேன்: “மூன்றாவது பத்தி, ஆண்டைச் சரிபார், பிறகு பின்னி ஆலை.” அவ்வளவுதான். சோற்றைப் பிசையும்போது அந்த மூன்றாவது பத்தி என்னைத் துரத்துவதில்லை.

மிகக் கடினமான வேலையைக் காலையிலேயே, போன் வேறு அறையில் இருக்கும்போதே முடிக்கப் பார்க்கிறேன். மதியத்துக்குப் பிறகு பதில் கடிதங்கள், பில்கள், தொலைபேசி. இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் மதியத் தூக்கம் பற்றி நமக்குள் இருக்கும் கூச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்று சொல்லிவிட்டு, பழியை முழுவதும் சோற்றின் மேல் போட்டுவிடுகிறோம். மதியம் இரண்டு மணிக்கு மேல் வரும் அசதி உடலின் கடிகாரத்திலேயே இருக்கிறது. சாப்பிடாதவருக்கும் அது வரும். நெடுந்தூர விமானங்களை ஓட்டும் விமானிகளுக்கு முறை வைத்து நாற்பது நிமிட ஓய்வு கொடுத்து நாசா ஆராய்ந்தபோது, அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். தூங்கியவர்கள், ஓய்வு கிடைக்காத விமானிகளைவிட, தரையிறங்கும் நேரத்தில் விழிப்போடு இருந்தார்கள். நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து பறப்பவருக்கு ஒரு சிறு தூக்கம் தேவைப்படும்போது, கணக்குப் பிரிவில் இருப்பவர் பதினைந்து நிமிடம் கண்ணை மூடிச் சாய்ந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது.

இங்கே என் தோழிகள் குறுக்கிடுவார்கள். “இதெல்லாம் சரி, வீட்டுக்குப் போனதும் எங்களுக்கு இரண்டாவது ஷிப்ட் ஆரம்பிக்குதே, அதுக்கு யார் சங்கம் வைப்பாங்க?” என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. 2024-ஆம் ஆண்டு நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறவர்களில் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவழிக்கிறாள், ஆண் 88 நிமிடம். ‘உங்களுக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்’ என்று பெண்களுக்குச் சொல்லும் எல்லாப் புத்தகங்களும் இந்த இரண்டு எண்களுக்கு முன்னால் நின்றுவிடுகின்றன. ஒதுக்க வேண்டியது அவள் நேரத்திலிருந்து அல்ல, அடுப்படிக்கு வராதவரின் நேரத்திலிருந்து. காலையில் டிபன் பாக்ஸ் கட்டும் பொறுப்பைக் கணவர் முழுதாக எடுத்துக்கொண்ட வீடு ஒன்று எனக்குத் தெரியும். காய் என்ன வாங்குவது, மாவு எப்போது அரைப்பது என்று யோசிப்பதுவரை அவர் வேலை. ‘உதவி’ என்ற பேச்சே அங்கே இல்லை. அந்தத் தோழி இப்போது காலையில் அரை மணி நேரம் மொட்டை மாடியில் நடக்கிறாள். அவள் எந்தச் செயலியையும் தரவிறக்கம் செய்யவில்லை.

இதுவரை சொன்ன எதையும் தானாகத் தீர்மானிக்க முடியாதவர்கள் நம்மைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். துணிக்கடையில் புடவை எடுத்துப் போடும் பெண்ணால் காலண்டரில் ஒரு மணி நேரத்தை அடைத்து வைக்க முடியாது. பண்டிகை வாரங்களில் மூன்றரைக்கும் நான்குக்கும்தான் அவர்களுக்குச் சாப்பாட்டு முறை வருகிறது. அதுவும் ஒருவர் வந்தால்தான் அடுத்தவர் போகலாம். காலை முதல் இரவு வரை நிற்பதால் கால் நரம்பு சுருண்டு, முழங்காலுக்குக் கீழே நீலம் பாய்ந்திருக்கும். கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பும் மற்ற கடைப் பெண்களும் ஆண்டுக்கணக்கில் போராடி, 2018-இல் கேரளத்தில் உட்காரும் உரிமையைச் சட்டமாக்க வைத்தார்கள். 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் அதே 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது: கடைகளில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும்.

இருக்கை பல கடைகளில் வந்துவிட்டது. அதில் உட்காரலாமா என்பது மட்டும் இன்னும் மேற்பார்வையாளரின் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாக இருக்கிறது. அந்தப் பெண்கள் இதை வாய்விட்டுக் கேட்டால் வேலைக்கே ஆபத்து வரலாம். பில் போடும் இடத்தில் நிற்கும் நாம் கேட்டால் யாருக்கும் எதுவும் ஆகாது. நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்: “இவங்க சாப்பிட்டாச்சா? ஏன் நின்னுட்டே இருக்காங்க?” பெரும்பாலான மேலாளர்கள் முதலில் திகைக்கிறார்கள், பிறகு ஒரு ஸ்டூலைத் தேடுகிறார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது நீங்களும் கேளுங்கள்.