வானத்தில் ஓர் அனாமத்துக் கணக்கு

பி.காம். படித்தவனுக்குக் கடைசிவரை உபயோகப்படும் பாடம் ஒன்று உண்டென்றால் அது சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான். தமிழில் அனாமத்துக் கணக்கு. டிரயல் பேலன்ஸில் 37 ரூபாய் உதைக்கிறதா? அதை அனாமத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். தப்பு எங்கே என்று பிறகு அகப்படும். அகப்படாவிட்டால் அந்த 37 ரூபாய் அப்படியே கிடக்கும். 'செவ்வாய் கிரகத்துக்காரன் எடுத்துக்கொண்டு போனான்' என்று யாரும் வவுச்சர் எழுதுவதில்லை.

வானத்து விஷயத்தில் மட்டும் எழுதுகிறோம். யு.எஃப்.ஓ. என்றால் அடையாளம் தெரியாத பறக்கும் பொருள். அவ்வளவுதான் அர்த்தம். 'தெரியாத' என்பதை 'வேற்றுக்கிரக' என்று மாற்றி என்ட்ரி போடுவது நாம்தான்.

ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. ஊரே வானத்திலிருந்து வந்து இறங்கிய ஒரு விமானத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. பிரம்மாவிடமிருந்து இக்ஷ்வாகு வழியாக அயோத்திக்கு வந்த ரங்க விமானத்தை ராமர் விபீஷணனுக்குக் கொடுக்க, அவர் இலங்கைக்குக் கொண்டுபோகும் வழியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இறக்கி வைத்தார். மறுபடி தூக்க வரவில்லை. இறக்கி வைத்தது சிறுவனாக வந்த பிள்ளையார் என்றும், விபீஷணன் துரத்திக்கொண்டு போய் மலைக்கோட்டை உச்சியில் ஒரு குட்டு வைத்தார் என்றும் இக்கரையில் சொல்வார்கள். இது ஸ்தல புராணம். இதை இதுவாகவே வைத்துக்கொள்வதில் எந்தத் தொந்தரவும் இல்லை.

தொந்தரவு, புராணத்துக்கு ப்ளூபிரிண்ட் போட ஆரம்பிக்கும்போதுதான் வருகிறது. 'வைமானிக சாஸ்திரம்' என்று ஒரு புத்தகம். பரத்வாஜ முனிவர் அருளியது என்று சுப்பராய சாஸ்திரி என்பவர் 1918-லிருந்து 1923 வரை சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. படங்களெல்லாம் உண்டு. 1974-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். புத்தகம் அவ்வளவு பழசும் இல்லை, அதிலிருக்கும் விமானம் எதுவும் பறக்கவும் பறக்காது என்று முடித்துவிட்டார்கள்.

நவீன பறக்கும் தட்டின் பிறந்தநாள் 1947 ஜூன் 24. கென்னத் ஆர்னால்ட் என்ற அமெரிக்க பைலட் ஒன்பது பொருள்களைப் பார்த்ததாகச் சொல்ல, பத்திரிகைக்காரர்கள் 'பறக்கும் தட்டு' என்று பேர் வைத்தார்கள். அமெரிக்க விமானப் படை 1969 வரை இதற்கென்று லெட்ஜர் வைத்திருந்தது. பேர் ப்ராஜெக்ட் ப்ளூ புக். மொத்தம் 12,618 என்ட்ரி. நட்சத்திரம், பலூன், விமானம், புளுகு என்று கழித்தது போக அனாமத்தில் நின்றது 701. நூற்றுக்கு ஐந்தரை.

நம் கணக்குக்கு வருவோம். 1951 மார்ச்சில் டெல்லி ஃப்ளையிங் கிளப்காரர்கள் சுருட்டு மாதிரி ஒன்று ஆகாயத்தில் நின்றுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். 2007 அக்டோபரில் கொல்கத்தாவில் விடிகாலையில் ஒளிப்பந்து ஒன்றை வீடியோ எடுத்து டி.வி.யில் போட்டார்கள். பிர்லா கோளரங்கத்தில் கேட்டால், வெள்ளி கிரகம் என்றார்கள். 2022 டிசம்பர் 15 மாலையில் வங்காளமும் ஒரிசாவும் அண்ணாந்து பார்த்த வெளிச்சம், நாமே விட்ட அக்னி-5 ஏவுகணை. வரிசையாக ரயில் பெட்டி மாதிரி போகிறதே, அது 2019-லிருந்து ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள்.

இதில் பெரிய கேஸ் லடாக். 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை பாங்காங் ஏரிப் பக்கம் நம் ராணுவம் ஒளிப் பொருள்களை 329 தடவை பார்த்து எழுதி வைத்திருந்தது. அதில் 155 தடவை அவை எல்லை தாண்டி வந்ததாகக் குறிப்பு. சீன உளவு விமானமோ என்று சந்தேகம். ரேடாரில் ஒன்றும் விழவில்லை. கடைசியில் இந்திய வானியற்பியல் கழகத்து ஆட்களைக் கூப்பிட்டார்கள். ஒன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து விடிகாலை ஐந்துக்குப் போகிறது. இன்னொன்று விடிகாலை நாலுக்கு வந்து பகல் பதினொன்றுக்குப் போகிறது. முதலாவது வியாழன், இரண்டாவது வெள்ளி. முடிந்தது.

இதைப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள் நிறைய. நான் சிரிக்கவில்லை. பதினாலாயிரம் அடி உயரத்தில், தூசு இல்லாத காற்றில், வெள்ளி எப்படி ஜொலிக்கும் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நமக்குத் தெரியாது. இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால் அது நகர்கிற மாதிரியே இருக்கும். அது கண்ணின் குணம். எதிரே சீன ராணுவம் இருக்கும்போது மனசு வேறு சேர்ந்துகொள்ளும். 2013 ஏப்ரலில் அதே லடாக்கில் டெப்சாங் பக்கம் இரண்டு படைகளும் மூன்று வாரம் எதிரெதிரே கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தன. அந்தச் சமயத்தில் வெள்ளியைப் பார்த்து ஒருத்தர் சுட்டிருந்தால், பதிலுக்கு வருவது வெள்ளியிலிருந்து வராது. அந்த ஜவான்கள் சுடவில்லை. நேரம் எழுதினார்கள், திசை எழுதினார்கள். அந்த நோட்டுப் புத்தகம் இருந்ததால்தான் கணக்கு டேலி ஆனது.

டேலி ஆகாததும் உண்டு. 2023 நவம்பர் 19, ஞாயிறு மத்தியானம், இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ பறந்தது. வான்வெளியை மூடினார்கள். வந்த விமானங்களைத் திருப்பினார்கள். ரஃபேல் போய்த் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. சரி, அனாமத்து.

எனக்கு மனசில் நிற்பது இன்னொன்று. 2016 பிப்ரவரி 6, வேலூர் மாவட்டம். ஓர் இன்ஜினீயரிங் கல்லூரி வளாகத்தில் பெரிய சத்தம், தரையில் பள்ளம். பஸ் டிரைவர் ஒருவர் இறந்துபோனார். விண்கல் விழுந்தது என்று முதலமைச்சர் அறிவித்து, குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நிதி கொடுத்தார். நாசா விஞ்ஞானிகள், போட்டோவைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் தெரிகிறது என்றார்கள். நம் திருச்சி நேஷனல் கல்லூரியில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, கார்பன் வகை விண்கல்லின் கூறு இருக்கிறது என்றார்கள்.

விண்கல் என்றால் யாரும் பொறுப்பில்லை. ஆகாயத்தின் மேல் கேஸ் போட முடியாது. தரையில் வெடித்தது என்றால், எதை, யார், ஏன் அங்கே வைத்தார்கள் என்று கேள்வி வரும், யாராவது பதில் சொல்லியாக வேண்டும். ஆக, அடையாளம் தெரியாததற்கு அவசரப்பட்டு ஒரு பேர் வைப்பது வெறும் விளையாட்டு இல்லை. சாயங்காலம் வீடு திரும்பாத ஒரு மனிதரின் பெண்டாட்டி பிள்ளைகள் அந்தப் பேரோடு மிச்ச நாளைக் கழிக்க வேண்டியிருக்கிறது.

திருச்சி மொத்தமும் அண்ணாந்து பார்த்த ஒரு சாயங்காலம் உண்டு. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம், ஹைட்ராலிக் கோளாறு என்று எரிபொருள் தீரத் தீர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது. உள்ளே 141 பயணிகள். மொட்டை மாடியில் நின்றவர்களுக்கு அது என்ன, எங்கே போகிறது, என்ன பிரச்னை, எல்லாம் தெரியும். எட்டே காலுக்குப் பத்திரமாக இறங்கியபிறகுதான் பலர் வீட்டில் சாதம் இறங்கியது. வானத்தில் பயப்படுவதற்குத் தெரியாத பொருள்தான் வேண்டும் என்பதில்லை.

அடுத்த தடவை ஏதாவது வெளிச்சம் பார்த்தால் முதலில் மணி பாருங்கள். திசை பாருங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் பத்து டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று எண்ணுங்கள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி எண்ணுங்கள். ஒரு டிகிரி நகர நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டால் அது அநேகமாக நட்சத்திரம் அல்லது கிரகம். அப்புறம் போன் எடுத்துப் படம் பிடிக்கலாம். ஏர்போர்ட் போகிற வழியில் அண்ணா அறிவியல் மையம் இருக்கிறது, கோளரங்கத்தில் காட்டி விசாரிக்கலாம்.

இதையெல்லாம் சித்திரை வீதியில் எதிர்வீட்டு மாமாவிடம் விளக்கினேன். ரிட்டயர்டு பாங்க் ஆபீசர். கடைசிவரை கேட்டார்.

"அப்ப வேற கிரகத்துலேர்ந்து யாருமே வரலைங்கறியா?"

"வரலைன்னு சொல்லலை மாமா. வவுச்சர் வரலைங்கறேன்."

"வரட்டும், பாஸ் பண்றேன்" என்றார்.