முதல் ஆறு மாதச் செலவு

வாசக நண்பர் ஒருவரைச் சென்ற மாதம் ஒரகடம் கூட்டுச்சாலையில் சந்தித்தோம். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அவர் ஒப்பந்தத் தொழிலாளர். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகத் தேநீர்க்கடைக்கு வந்தார். இலக்கியம் குறித்துச் சற்றுநேரம் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று, "பிஎச்.டி. பண்றதுக்கு யாராவது பணம் தருவாங்களா சார்?" என்று கேட்டார்.

தொலைநிலைக் கல்வியில் தமிழ் முதுகலை முடித்திருக்கிறார். ஆய்வுத் தலைப்பும் கைவசம் இருக்கிறது: ஸ்ரீபெரும்புதூர் வட்டார ஏரிப்பாசனச் சொற்கள். அவருடைய தாத்தா ஊர் ஏரியின் நீர்க்கட்டியாக இருந்தவர். எந்த மதகை எப்போது திறப்பது, எவர் கழனிக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே அழைத்துவந்தார்கள். ஏரி, தாங்கல், மதகு, கலங்கல் என்று நமக்குத் தெரிந்த சொற்களுக்கு அப்பால், வண்டல் படிவதற்கும் கரை கசிவதற்கும் தண்ணீர் முறை தவறுவதற்கும் அவ்வூர் முதியவர்களிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன என்கிறார் நண்பர். பல ஊர்களில் கழனிகள் சிப்காட் மனைகளாகிவிட்டன. தண்ணீர் பாய்ச்சும் வேலை நின்றதும் அந்தச் சொற்களைச் சொல்லும் தேவையும் நின்றுபோனது. அவற்றை அறிந்தவர்கள் இப்போது எண்பதைக் கடந்திருக்கிறார்கள். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. கற்கருவி மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். நீர்க்கட்டியின் சொல்லுக்கு அத்தனை ஆயுள் இல்லை.

ஆகவே அவருக்காக உதவித்தொகைகளைத் தேடத் தொடங்கினோம். பட்டியல் எதிர்பார்த்ததைவிட நீண்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டுகளுக்குப் பின் 42,000. தமிழ்நாடு அரசு 2023இல் முதலமைச்சரின் ஆய்வு உதவித்தொகைக்கென ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியே தேர்வு அறிவித்தது. 120 இடங்கள், மாதம் 25,000 ரூபாய். முழுநேர ஆய்வு செய்யும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு மாநில அரசின் ஆண்டு உதவி 1 லட்சம். இவை தவிர இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகமும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் இருக்கின்றன. பணமே இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது.

இந்தப் பட்டியலை நண்பரின் வாழ்க்கையோடு வைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்கான நெட் தேர்வில் தமிழ்ப் பாடத்தாள் தமிழில் இருக்கும். ஆனால் எல்லோருக்கும் பொதுவான முதல் தாள், 100 மதிப்பெண்களுக்கானது, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழில் தமிழாய்வு செய்ய வருபவரை ஆங்கிலப் பத்தியைப் படிக்கவைத்து வடிகட்டுகிறார்கள். வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு என்பதால் அதைப் பெரிய தடையாக நாங்கள் கருதவில்லை. பெரிய தடை வேறிடத்தில் இருக்கிறது. உதவித்தொகை பெறுபவர் முழுநேர ஆய்வாளராக இருக்கவேண்டும், வேறு ஊதியம் பெறக்கூடாது. நியாயமான விதிதான். ஆனால் வேலையை விடும் நாளுக்கும் முதல் தவணை வங்கிக் கணக்கில் வந்துசேரும் நாளுக்கும் இடையே தேர்வு, முடிவு, நெறியாளர் தேடல், பதிவு, சான்றிதழ் சரிபார்ப்பு என்று மாதங்கள் கிடக்கின்றன. பதிவான பின்னும் தவணைக்காகக் காத்திருந்து கடன் வாங்கிய ஆய்வாளர்களை எங்கள் வட்டத்திலேயே அறிவோம். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஒருவர் அந்த மாதங்களை எப்படிக் கடப்பார்?

சரி, பகுதிநேரமாகச் செய்யலாமே என்றார் எங்களில் ஒருவர். செய்யலாம், மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை அனுமதிக்கின்றன. பணிபுரியும் நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று வேண்டும், அவ்வளவுதான். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த நிறுவனம் எது? வாயிலில் பெயர்ப்பலகை வைத்திருப்பவர்களா, சம்பளச் சீட்டில் பெயர் உள்ள ஒப்பந்ததாரரா? நண்பர் சிரித்தார். ஒப்பந்ததாரரிடம் விடுப்புக் கேட்பதற்கே இரண்டு நாள் ஒத்திகை பார்ப்பவராம் அவர்.

அத்துடன், கொடுத்துவந்ததை நிறுத்துவதும் நம் நாட்டில் நடக்கிறது. நெட் தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்தவர்களுக்கு வழங்கப்பட்டுவந்த 5,000, 8,000 ரூபாய் உதவியை நிறுத்த 2015 அக்டோபரில் மானியக் குழு முடிவெடுத்தபோது, டில்லி அலுவலக வாசலில் மாணவர்கள் வாரக்கணக்கில் அமர்ந்து போராடித்தான் அதைக் காப்பாற்றினார்கள். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை கைவிடப்படுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். அது திரும்பவில்லை.

"உ.வே.சா. எந்த ஃபெல்லோஷிப் வாங்கிக்கொண்டு ஏடு தேடினார்?" என்று எங்களுக்குள்ளேயே ஒரு மூத்த நண்பர் கேட்டார். இந்தக் கேள்வியை இலக்கியக் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம், ஒவ்வொரு முறையும் கைதட்டல் கிடைக்கும். உ.வே.சா. மாணவராயிருந்தபோது திருவாவடுதுறை ஆதீனம் சோறு போட்டது. சீவக சிந்தாமணி 1887இல் அச்சேறியபோது அவர் கும்பகோணம் கல்லூரியில் ஊதியம் பெறும் ஆசிரியர். அச்சுச் செலவுக்குக் கையொப்பக்காரர்களைத் தேடினார். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உழைப்புக்குப் பின்னால் மடமும் சம்பளமும் கையொப்பமும் இருந்தன என்பதைத்தான் சொல்கிறோம். புலவன் பட்டினி கிடந்ததைப் பாடியே பழகிவிட்ட நமக்கு, யார் அடுப்பு எரிய யார் பணம் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்ப்பது ஏனோ கூச்சமாக இருக்கிறது.

கணித மேதை ராமானுஜனின் கதை இதைவிடத் தெளிவானது. (ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் வைணவ ஆசாரியரான ராமானுஜர், இவர் ஈரோட்டில் பிறந்தவர். பெயர் ஒற்றுமையை மட்டும் எண்ணிக்கொள்ளலாம்.) கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை அவர் இழந்ததற்குக் காரணம் கணிதமன்று, ஆங்கிலம். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. பட்டமில்லை, வேலையில்லை, கையில் நோட்டுப் புத்தகம் மட்டும். நெல்லூர் கலெக்டராயிருந்த ஆர். ராமச்சந்திர ராவைச் சந்தித்தபோது அவர் கேட்டது பதவியையோ புகழையோ அன்று. கவலையின்றிக் கணிதம் செய்ய, உயிர்வாழப் போதுமான சிறு தொகை. ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913இல்தான் சென்னைப் பல்கலைக்கழகம், முதுகலைப் பட்டம் பெற்றோருக்குரிய விதியைத் தளர்த்தி, இரண்டாண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்பதே நிபந்தனை.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் 75 ரூபாயோடும் கேம்பிரிட்ஜோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். எங்களுக்கு அந்த 25 ரூபாயே முக்கியமாகப் படுகிறது. அது இல்லையென்றால் 75 ரூபாய் வரும்வரை அவர் எங்கே இருந்திருப்பார்? இன்றைய பட்டியலில் 75 ரூபாய்க்குச் சமமானவை பல உள்ளன. அந்த 25 ரூபாயைத் தேடிப் பார்த்தோம், ஒன்றுகூட இல்லை.

இந்தத் தொழிற்பேட்டைகளைப் பற்றி ஆய்வே நடக்கவில்லை என்றும் எண்ணவேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் திறந்து 2014இல் மூடப்பட்டது. அதில் வேலைசெய்த பெண்களோடு தமிழில் உரையாடி மதுமிதா தத்தா உருவாக்கிய 'மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்' ஒலித்தொடராகவும், 2021இல் ஆங்கில நூலாகவும் வந்தது. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் ஆய்வோடு பிணைந்த பணி அது. நல்ல பணி, வாசியுங்கள். எங்கள் ஆதங்கம் அவர்மீதன்று. அப்பெண்களில் ஒருத்தி தானே ஆய்வாளராகியிருக்க, ஆலை மூடிய மறுமாதம் அவளுக்கு என்ன வழி இருந்தது என்பதுதான்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்பார்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி வரம்புக்குட்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிடவேண்டும். அதன் ஏழாவது அட்டவணை பல்கலைக்கழக ஆய்வைப் பெயர்சொல்லிக் குறிப்பிடும் இடத்தில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் என்று நின்றுவிடுகிறது. கல்வி, பண்பாட்டு மரபு என்ற பொதுத் தலைப்புகளின்கீழ் ஏரிச் சொற்களையும் சேர்க்க இடமுண்டு. ஆனால் ஆலை கொடுக்கும் பணத்தில் ஆலை வந்த நிலத்தின் கதையை எழுதுவதில் எங்களுக்குத் தயக்கமுண்டு. கொடுப்பவர் முகம் தெரியாமல் ஒரு பொது நிதியில் சேர்ந்து, பல்கலைக்கழகம் தேர்வுசெய்தால் ஏற்கலாம்.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 2017இல் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது. உலகெங்குமுள்ள தமிழர்களும் கொடுத்தார்கள், எங்களில் இருவரும் கொடுத்தோம், வருந்தவில்லை. எனினும் கணக்கு மனத்தை அரிக்கிறது. 10 கோடிக்கு 7 சதவீத வட்டி ஆண்டுக்கு 70 லட்சம். மாதம் 20,000 வீதம் ஆறு மாதத்துக்கு ஒருவருக்கு 1,20,000 ரூபாய். முதலில் கைவைக்காமல் ஆண்டுதோறும் ஐம்பத்தெட்டுப் பேரை வேலையிலிருந்து ஆய்வுக்குக் கடத்திவிடலாம்.

எங்களிடம் கோடியில்லை. எட்டுப் பேர் மாதம் 2,500 ரூபாய் போட்டால் 20,000 ஆகிறது. ஆறு மாதம் தருவதாக நண்பரிடம் சொன்னோம். உடனே ஏற்கவில்லை. கடனாகத்தான் வாங்குவேன், உதவித்தொகை வந்ததும் திருப்புவேன், வராவிட்டால் மீண்டும் ஷிப்டுக்குப் போய்த் திருப்புவேன் என்றார். கடன் என்றால் அந்த பயமே அவரை எழுதவிடாது என்று எங்களில் சிலர் வாதிடுகிறார்கள். இன்னும் முடிவாகவில்லை. திருப்பித் தரும் பணத்தை அடுத்தவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம் என ஒரு யோசனை வந்திருக்கிறது.

இதற்கிடையே வரும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஷிப்ட் இல்லை. தாத்தாவோடு மதகு திறந்த கூட்டாளி ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். காது மந்தம், பேச்சு தெளிவு. காலையில் போனால்தான் நன்றாகப் பேசுவாராம். ஏழு மணிக்குச் சுங்குவார்சத்திரத்தில் கூடுகிறோம்.