ஆஃப்லைன் புரோகிராமிங்: உட்காரவேண்டியது யார்?

"ஆஃப்லைன் புரோகிராமிங் தெரிந்தால் போதும், மெஷின் பக்கமே போகவேண்டாம்." எங்கள் வகுப்பில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. ஏசி அறை, பெரிய மானிட்டர், கையில் காபி... கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கோட்டிங் மெஷின் விஷயத்தில் எனக்கு இதில் பாதி உடன்பாடுதான்.

தெரியாதவர்களுக்காகச் சின்ன முன்கதை. கார், இன்வெர்ட்டர் மாதிரியான சாதனங்களில் இருக்கும் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈரமும் தூசியும் எமன். அதனால் மேலே மெல்லிசாக ஒரு பூச்சு அடிப்பார்கள். கன்ஃபார்மல் கோட்டிங் என்று பெயர். அக்ரிலிக் பூச்சு என்றால் ஐபிசி தரப்படி 0.03 முதல் 0.13 மி.மீ. வரை இருக்கலாம். ஆனால் கனெக்டர், சுவிட்ச், டெஸ்ட் பாயின்ட் மீது படக்கூடாது. பட்டால் மின்தொடர்பு போச்சு! கையால் டேப் ஒட்டி மறைத்து அடிப்பது ஒரு வழி. வேண்டிய இடத்தில் மட்டும் ரோபோவை அடிக்கச் சொல்வது இன்னொரு வழி.

அந்த ரோபோவுக்குப் பாதை சொல்லித்தர, மெஷினை நிறுத்தி, கேமராவை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்திப் பதிவு செய்யவேண்டும். அதுவரை உற்பத்தி கிடையாது. நாலைந்து மாடல் ஓடும் இடத்தில் சமாளிக்கலாம், நாற்பது மாடல் என்றால் கஷ்டம். கம்ப்யூட்டரில் போர்டின் படத்தை வைத்தே பாதை வரைவது அங்கே நிஜமாகவே வரப்பிரசாதம். இதுவரை சண்டை இல்லை.

சிக்கல் என்னவென்றால், கெர்பர் கோப்பில் உயரம் கிடையாது. அது தட்டையான படம். பிக் அண்ட் பிளேஸ் கோப்பு பாகம் எங்கே, எந்தக் கோணத்தில் என்று சொல்லும், அவ்வளவுதான். போர்டுக்கு மேலே 10 மி.மீ. உயரத்தில் நாசில் ஓடட்டும் என்று நீங்கள் எழுத, அங்கே 15 மி.மீ. கெப்பாசிட்டர் ஒன்று நின்றுகொண்டிருந்தால்? ஸ்டெப் கோப்பு வாங்கினால் உயரம் கிடைக்கும், டிசைன் செய்தவர் ஒழுங்காகப் போட்டிருந்தால். போர்டின் அடிப்பக்கத்தை மிரர் செய்ய மறப்பது தனிக்கதை.

இன்னொன்று. நேரில் சொல்லித்தரும்போது, சொன்ன இடத்துக்கே ரோபோ திரும்பத் திரும்ப வந்தால் போதும். கோப்பிலிருந்து வரும் எண்ணுக்கோ, அந்த இடத்துக்கு நிஜமாகவே துல்லியமாகப் போகவேண்டும். இரண்டும் ஒன்றில்லை. போர்டு கோணலாக வந்தால் ஃபிடூசியல் குறியைப் பார்த்து கேமரா சரிசெய்துகொள்ளும். ஆனால் ஊசியை மாற்றியபின் கேமராவுக்கும் ஊசிக்கும் உள்ள இடைவெளியை மறுபடி அளக்காவிட்டால், திரையில் அழகாக இருக்கும் பாதை போர்டில் தள்ளி விழும்.

இதையெல்லாம்கூட நம்மைப்போன்றவர்கள் கற்றுக்கொள்ளலாம். ஆனால் திரவம்? காலையில் கெட்டியாக இருப்பது மதிய வெயிலில் இளகும். அழுத்தம் மாறினால் விசிறி அகலம் மாறும். கனெக்டருக்குப் பக்கத்தில் அடித்தால் நுண்துளை ஈர்ப்பில் பின்களுக்கு அடியில் தானாக ஊர்ந்துபோகும். திரையில் வரைந்த கோடு கோடாகவே நிற்கும், நிஜத்தில் அது பரவும். எத்தனை மி.மீ. தள்ளி நிறுத்தவேண்டும் என்பது, தினமும் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும் போர்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஆபரேட்டருக்குத்தான் தெரியும்.

ஆகவே ஆஃப்லைன் கம்ப்யூட்டர் முன்னால் முதலில் உட்காரவேண்டியவர் அவர்தான் என்பது என் கட்சி. "அவருக்கு கேட் தெரியாதே" என்பார்கள். பாதை வரையும் மென்பொருளை அவர் பழகிவிடுவார். பூச்சின் குணம் நமக்கு அத்தனை சீக்கிரம் பிடிபடாது. புதிதாகச் சேர்ந்த எஞ்சினியரை மேலே உட்காரவைத்து, கீழே ஆபரேட்டரை ஸ்டார்ட் பட்டன் மட்டும் அழுத்தச் சொன்னால், தப்பு முதல் போர்டிலேயே தெரிந்தாலும் திருத்த அவர் கையில் ஒன்றும் இருக்காது. மாடிக்குப் போன் போடவேண்டும். அதுவரை மெஷின் நிற்கும். எதைத் தவிர்க்க இத்தனை காசு போட்டு ஆஃப்லைன் மென்பொருள் வாங்கினோமோ, அதேதான் :-)