பாதயாத்திரை செல்லும் பெரியவர்களைத் தடுக்க வேண்டாம், உடன் செல்லுங்கள்

கார்த்திகை மாதம் நெருங்கும்போது வெளிநோயாளர் பிரிவில் ஒரு வேண்டுகோள் தவறாமல் வருகிறது. "அம்மா திருவண்ணாமலைக்கு நடந்தே போவேன் என்று நிற்கிறார்கள். நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள். நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சார்" என்று மகனோ மகளோ தாழ்ந்த குரலில் கேட்பார்கள்.

அந்த வேண்டுகோளை அப்படியே ஏற்பதில் எனக்கு உடன்பாடில்லை. மருத்துவர் தடுத்தால் பயணம் நின்றுவிடும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. நேர்ந்துகொண்டவர், மாத்திரைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, தமது நோயைப் பற்றி எதுவும் அறியாத ஒரு குழுவுடன் புறப்பட்டுவிடக்கூடும். அந்தப் பயணமே பேராபத்து. உடல்நிலை இடம் கொடுக்கும் ஒருவர், முறையாகத் திட்டமிட்டு, வீட்டார் ஒருவரின் துணையுடன் நடப்பதை மருத்துவம் தடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

முதலில் தொலைவைக் கணக்கிடுவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம், மூங்கில்துறைப்பட்டு வழியாகத் திருவண்ணாமலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஓர் எட்டு இரண்டு அடி என்று கொண்டால், அது ஒரு லட்சம் எட்டுகள். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டர் இதில் சேராது. மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கும் முதியவருக்கு ஊர் போய்ச் சேரவே 20 மணி நேர நடை தேவை. இதை இரண்டே நாளில் முடிக்க நினைப்பது தவறு. நாளொன்றுக்கு 15 கிலோமீட்டர் வீதம் நான்கு நாள்களாகப் பிரித்துக்கொண்டால், அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் நடந்து நண்பகலில் ஓய்வெடுக்கலாம்.

கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வரும் குடும்பத்தினர், "மலையில் ஏறி இறங்கிப் பழகியவருக்கு இது எம்மாத்திரம்?" என்று கேட்பதுண்டு. பழகிய கால் வலிமையானது என்பது உண்மையே. ஆனால் சர்க்கரை நோய் கால் நரம்புகளின் உணர்ச்சியை மழுங்கச் செய்யும்போது, மலையில் வாழ்பவர் என்று விட்டுவைப்பதில்லை. உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஒரு சிறு கல் உறுத்தினாலும் தெரியாது. கொப்புளம் புண்ணாகி, அதில் கிருமி புகுந்த பின்னரே குடும்பத்தார் கவனிக்கின்றனர். விரலையோ பாதத்தையோ அகற்ற நேரும் துயரம் பல சமயம் இத்தகைய சிறு புண்ணிலிருந்தே தொடங்குகிறது.

ஆகவே, சர்க்கரை நோயாளர் வெறுங்காலுடன் நெடுந்தூரம் நடக்கக் கூடாது. பின்பட்டை உள்ள எம்.சி.ஆர். செருப்பு அல்லது ஏற்கெனவே அணிந்து பழகிய மென்மையான காலணியே பொருத்தமானது. கோபுர வாசலில் அதைக் கழற்றினால் போதும். ஒவ்வொரு முறை ஓய்வெடுக்கும்போதும் உடன் வருபவர் இரு பாதங்களையும், விரல் இடுக்குகள் உட்பட, பார்க்க வேண்டும். கார்த்திகை மழைக்காலமும்கூட. நனைந்த காலைத் துடைத்து உலர்த்திய பின்னரே நடையைத் தொடர வேண்டும்.

சபரிமலைக்கு மாலை அணிபவர்கள் 41 நாள் விரதம் இருக்கின்றனர். நம் முன்னோர் புனிதப் பயணத்திற்கு ஆயத்தக் காலம் ஒன்றை வகுத்திருப்பதை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், பாத உணர்ச்சி ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பின்னர் நாள்தோறும் இரண்டு கிலோமீட்டரில் தொடங்கி, அடுத்தடுத்த இரு நாள்கள் பத்து கிலோமீட்டர் நடக்க இயலும்வரை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

இன்சுலினோ கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு, விரதமும் இருந்து நடந்தால் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம். நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் உடலின் நீரை மேலும் வற்றச் செய்யலாம். அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தாமாக நிறுத்துவதும் கூடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை பெறுபவர்கள், பயண நாள்களுக்கும் போதுமான இருப்பு உள்ளதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். அளவு 70-க்குக் கீழ் இருந்தால் அதையே மறுபடி செய்யுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

உடன் செல்பவருக்கு வேறு பொறுப்பு எதுவும் இருக்கலாகாது. சமையல், வண்டி, வசூல் ஆகியவற்றைப் பிறர் பார்த்துக்கொள்ளட்டும். பெரியவர் எவ்வளவு மெதுவாக நடக்கிறாரோ, அதுவே அவருடைய வேகமும் ஆக வேண்டும். இருட்டில், எதிரே வரும் வண்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலப்புறம், ஒளி பிரதிபலிக்கும் பட்டை அணிந்து நடக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, எப்போது நிறுத்துவது என்பதைப் புறப்படும் முன்னரே பேசி முடிவு செய்வது. நெஞ்சிலோ தாடையிலோ இடக்கையிலோ வலி அல்லது இறுக்கம், பேச இயலாத மூச்சிரைப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நடை அங்கேயே நிற்க வேண்டும்; 108-ஐ அழைக்க வேண்டும். பாதத்தில் புதிய புண் தென்பட்டால் மீதித் தொலைவை வண்டியில் கடக்க வேண்டும்.

பெரியவர்கள் பலர் வலியை மறைக்கின்றனர். வேண்டுதல் குறைபட்டுவிடும் என்ற அச்சமே காரணம். அவர்களுக்கு அந்தத் தலத்தின் கதையையே நினைவூட்டலாம். அடிமுடி தேடிய இருவருள், காண இயலவில்லை என்று உண்மையை ஒப்புக்கொண்ட திருமாலுக்கு எந்தக் குறையும் நேரவில்லை. கண்டதாகப் பொய் கூறிய பிரம்மனே தண்டனை பெற்றார். 'என்னால் முடியவில்லை' என்று உண்மை கூறுவது திருவண்ணாமலையில் இழுக்காகாது.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஆறாத காற்புண் உள்ளவர்கள், சிறிது நடந்தாலே மூச்சு வாங்குபவர்கள் ஆகியோருக்கு நெடுநடை கூடாது என்று நான் தெளிவாகக் கூறுவேன். அவர்களும் பேருந்தில் சென்று வழிபடலாம். மற்றவர்களின் வீட்டாரிடம் நான் கேட்பது நான்கு நாள் விடுப்பு. அம்மாவைத் தடுக்கும்படி மருத்துவரிடம் கோருவதைவிட, அந்த நான்கு நாள்களை அம்மாவுக்குக் கொடுப்பதே அவருக்குப் பாதுகாப்பு.